ரெயின்ஸின் முதுகுவலிக்கு ஒரே சாட்சி

பஃபலோவின் கிழக்குப் பக்கத்தில் யாருக்காவது கழுத்து பிடித்துக்கொண்டால் லியோ மாக்னிக்கிடம்தான் போவார்கள். ஆலையிலிருந்து வருகிறவர்களின் தோளில் அவர் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் ஆள் அலறுவான். மறுநாள் வந்து நன்றி சொல்வான். குளிர்காலத்தில் சந்தைக்குப் பக்கத்துக் குளியல்கூடத்திலும், கோடையில் எங்கள் பேஸ்பால் அணியான ஹார்பர்ஸிடமும் அவருக்கு வேலை. அதிகம் பேச மாட்டார். பேசினால் அது அப்படித்தான் என்று எங்கள் தெருவே எடுத்துக்கொள்ளும். கடைசி ஆட்டத்தோடு அது போயிற்று.

அந்த வருஷம் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. எங்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்ததில்லை. எங்கள் நம்பிக்கையெல்லாம் டெல்பர்ட் ரெயின்ஸ் மேல். பென்சில்வேனியாவில் ஏதோ ஒரு பண்ணை ஊர்க்காரன். மட்டையைத் தூக்கினால் பந்து எங்கே போய் விழும் என்று தெரியாது. பருவம் முழுக்க அதிக சராசரி வைத்திருப்பவனுக்குத் தரும் பேட்டிங் பட்டத்திலும் அவன்தான் முன்னால். டொரன்டோக்காரன் ஒருவன் மயிரிழையில் பின்னால் வந்துகொண்டிருந்தான். ரெயின்ஸ் ஆடிச் சொதப்பினால் சராசரி இறங்கும். வெளியே உட்கார்ந்துவிட்டால் இறங்காது.

ரெயின்ஸ் உட்கார்ந்துவிட்டான். முதுகுவலி என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவனுக்குப் பதில் இறங்கியவன் கடைசி வாய்ப்பில், இரண்டு பேர் ஓடக் காத்து நிற்க, பந்தைத் தொடாமலே வெளியேறினான். ஒரே ஓட்டத்தில் தோற்றோம். சாயங்காலம் டொரன்டோவிலிருந்து செய்தி வந்தது: பட்டம் ரெயின்ஸுக்கு.

பத்திரிகைக்காரர்கள் லியோவைச் சுற்றிக்கொண்டார்கள். "நெசமாவே வலியா?"

"காலைல கை வச்சுப் பாத்தேன். இடுப்புக்கு மேல கல்லு மாதிரி இறுகிக் கெடந்துச்சு. வலிதான்" என்றார் லியோ.

ரெயின்ஸ் அன்றே ரயிலேறிவிட்டான். ஊருக்கு மிஞ்சியது லியோதான். ஸ்டாஷின் மதுக்கடையில் அவர் நுழைந்ததும் பேச்சு நிற்கும்.

"வாங்க முதுகு டாக்டரே! பட்டத்துல உங்களுக்கு எத்தன பங்கு?" என்பான் ஸ்டாஷ்.

"வலிச்சுதுன்னுதான சொன்னேன்."

"அவனுக்கா, நமக்கா?"

கடையே சிரிக்கும். அந்த வாரமே லியோ வீட்டு வாசலில் புதிய ஃபிரிட்ஜ் ஒன்று வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்று, ஆளுயரத்துக்கு. தெருவில் எல்லா ஜன்னல் திரையும் விலகின. முதுகு கொடுத்த ஃபிரிட்ஜ் என்று அதற்கு அன்றே பெயர் விழுந்துவிட்டது.

லியோ அதை வாங்கவில்லை. அவர் மனைவி யாத்விகா வாங்கியது. ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவள். "என் காசு" என்று மட்டும் சொன்னாள். லியோவும் முதலில் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் ஊர் பார்த்த பார்வை அவருக்குள்ளும் இறங்கிவிட்டது. மனுஷன் வேண்டுமென்றே முதுகை அப்படி இறுக்கிக்கொள்ள முடியுமா? கட்டிலில் குப்புறப் படுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாத்விகாவை அழுத்திப் பார்க்கச் சொன்னார்.

"கல்லு மாதிரி இருக்கா?"

"மாவு மாதிரி இருக்கு. எந்திரி."

அப்புறம் இன்னொன்று ஞாபகம் வந்தது. ரெயின்ஸ் ரை தானிய ரொட்டி வாங்க அவள் கடைக்குத்தான் போவான். இரண்டு மூன்று நாள் அதை மென்றுகொண்டே இருந்துவிட்டு, முட்டைக்கோஸ் சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டே விட்டார்.

"ரெயின்ஸ் உங்கிட்ட எதாச்சும் குடுத்தானா?"

யாத்விகா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெருவுல கேட்டாங்க, சிரிச்சுட்டேன். நீயுமா கேக்குற?" ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு, லாக்கவானாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். ஃபிரிட்ஜின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் போனாள்.

முதல் பனி விழுந்த வாரம் லியோ பென்சில்வேனியாவுக்குப் பஸ் ஏறினார். ரெயின்ஸ் ஒரு தீவனக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். மூட்டை தூக்கவெல்லாம் வேறு ஆள். லியோவைப் பார்த்ததும் மேஜையைப் பிடித்து மெதுவாகத்தான் எழுந்தான். லியோவின் பார்வை முதலில் போனது அவன் எழுந்த விதத்தின் மேல்தான். இதுவும் நடிப்போ?

"வலி நெசந்தான் லியோ. சந்தேகமா இருந்தா கை வச்சுப் பாரு" என்றான் ரெயின்ஸ்.

"வேணாம். பேசு."

"ஜூலைலயும் இதே வலிதான். ஆடுனேன். அன்னைக்குக் காலைல டொரன்டோக்காரன் எங்க இருக்கான்னு பேப்பர்ல பாத்தேன். அப்புறந்தான் வலின்னு படுத்தேன்."

"பின்ன என்னை எதுக்குக் கூப்ட்ட?"

ரெயின்ஸ் தரையைப் பார்த்தான். "நீ சொன்னா ஊரு நம்பும்னு."

லியோ கதவு வரை போய்விட்டுத் திரும்பினார். வாய் கூசியது. இருந்தும் கேட்டார். "எம் பொண்டாட்டிக்கு எதாச்சும் குடுத்தியா?"

"அவங்களுக்கா? ரொட்டிக்கு மீதிச் சில்லறைய வச்சுக்குங்கன்னு ஒரு தடவ சொன்னேன். என் கையப் புடிச்சு, சில்லறைய அதுல வச்சு மூடுனாங்க."

லியோ நேராக லாக்கவானாவுக்குப் போனார். சங்கிலி மாட்டிய கதவிடுக்கில் யாத்விகாவின் பாதி முகம் தெரிந்தது. எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"ஆக, அவன் சொன்னதால இப்ப நம்புற" என்றாள் அவள்.

லியோ சங்கிலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரு முன்னாடி என்னைக் கேவலப்படுத்தல, சரி. வீட்டுக்குள்ளதான் கேட்ட. ஆனா ஊரு பேசினப்ப நீ ஒரு வார்த்த பேசல. மொதல்ல அதப் பேசிட்டு வா."

சனிக்கிழமை மத்தியானம், ஆலைக்காரர்கள் எல்லோரும் இருக்கும் நேரம். ஸ்டாஷின் கடையில் லியோ தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நாங்கள் பார்த்தவரை அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றுதான். "ரெயின்ஸுக்கு வலி இருந்துச்சு. ஆனா வலியால மட்டும் உக்காரல, பட்டத்துக்காகவும் உக்காந்தான். எனக்கு அப்ப தெரியாது. நீங்க என்னைச் சந்தேகப்பட்டீங்க. நான் எம் பொண்டாட்டியச் சந்தேகப்பட்டேன். அவ ஒரு தப்பும் பண்ணல."

மூலையிலிருந்து ஒருவன், "இதச் சொல்ல எவ்ளோ வாங்குன?" என்றான். இரண்டொரு பேர் சிரித்தார்கள். ஸ்டாஷ் சிரிக்கவில்லை. ஒரு கிளாஸை நிரப்பி லியோ பக்கம் தள்ளினான். லியோ அதைக் குடிக்காமலே போய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் யாத்விகா திரும்பி வந்தாள். ஹார்பர்ஸ் மறுபடி கூப்பிட்டார்கள், லியோ போகவில்லை. ரெயின்ஸ் அதன்பின் எந்த அணிக்கும் ஆடவில்லை. முதுகு அவனை விடவில்லை என்றார்கள் சிலர். பட்டம் வாங்கியவனுக்கு இனி எதற்கு ஆட்டம் என்றார்கள் பலர்.

ஃபிரிட்ஜுக்குக் காசு எப்படி வந்தது என்று லியோ கேட்கவே இல்லை. ஈஸ்டர் அன்று அவளாகவே சொன்னாள்: லாக்கவானாவில் அக்கா வீட்டு அடுப்பில் கல்யாணங்களுக்குக் கேக் செய்து கொடுத்துச் சேர்த்ததாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் லியோ.

"சொல்லியிருக்கலாம்" என்றாள் யாத்விகா. "அந்தக் கிண்ணத்த எடு."