பார்வையிடாத தறி அறை

கமலக்கண்ணனுக்கு ஆரணியில் வாடகை வீடு கிடைப்பது எப்போதும் கஷ்டம். குழித்தறிக்காரர். காலை இறக்கி மிதிக்கத் தரையில் இடுப்பளவு குழி வேண்டும். தன் வீட்டைத் தோண்ட யார் விடுவார்? இருபத்தாறு வருடத்தில் ஏழு வீடு. காலி செய்யும்போதெல்லாம் குழியை மூடி, சிமெண்ட் பூசி, கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார். யாரும் மூடச் சொல்லாத ஒரு குழிக்காகத்தான் அவர் வீடு வாங்க நினைத்தார்.

போன வைகாசியில் அவர் குடியிருந்த தெருவிலேயே மாணிக்கவேல் என்கிற நெசவாளரின் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. அறுபது வருட வீடு. பின் அறையில் தறி, கீழே குழி தயாராக.

"இன்ஜினியரை வெச்சுப் பாக்காம பழைய வீட்டை வாங்காதீங்க" என்று சொன்னது நான்தான். அவர் இருந்த வாடகை வீட்டின் மாடி அறையில் நான் தனி வாடகைக்குக் குடியிருந்தேன். சந்தவாசல் பக்கம் ஊர், செய்யாறில் கம்பெனி வேலை. எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது.

இன்ஜினியர் வேலூரிலிருந்து வந்தார். கூரை ஏறினார், சுவரைத் தட்டினார். பின் அறைக்கு வந்ததும் மாணிக்கவேல் குறுக்கே நின்றார்.

"பாவு பாதியில ஓடிகினு இருக்குது சார். முகூர்த்தப் பொடவை."

"குனிஞ்சு குழியை மட்டும் பாத்துக்கறேன்" என்றார் இன்ஜினியர்.

தடுத்தது கமலக்கண்ணன். "உடுங்க சார். நாலு இழை அறுந்தா அவருக்கு ஒரு பொழுது போயிடும். குழி தானே, எனக்குத் தெரியாதா?" தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல்தான் பாவு; ஓடுகிற பாவின் பக்கம் வேற்றாள் போகக் கூடாது. நெசவாளருக்கு நெசவாளர் காட்டும் மரியாதை அது.

ரிப்போர்ட் பதினோரு பக்கம், முழுக்க இங்கிலீஷ். நான் படித்துத் தமிழில் சொன்னேன். கூரை மரம் பரவாயில்லை. கிழக்குச் சுவரில் பூச்சு விரிசல். ஏழாம் பக்கத்தில், தறி இருந்ததால் பின் அறைத் தரை, குழி, பின்சுவரின் அடிப்பகுதி பார்வையிடப்படவில்லை.

"அப்படின்னா?" என்றார் அவர் மனைவி தேவகி.

"பின் ரூம்ல குறை எதுவும் எழுதலைங்கக்கா."

"பாக்காதவரு குறைய எப்படி எழுதுவாரு தம்பி?"

"சந்தேகம் இருந்தா போட்டிருப்பாங்க. அதுக்குத்தானே ரிப்போர்ட்."

"கம்முனு இரு" என்றார் கமலக்கண்ணன். "டிகிரி படிச்ச புள்ள சொல்லுது. நீ மூணாங்கிளாஸு, குறுக்கப் பேசிகினு." நானும் சிரித்தேன்.

கிரயம் முடிந்தது. மாணிக்கவேல் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்து, தறியைக் கழற்றி எடுத்துப் போனார். குழிச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புக் கோடு. கமலக்கண்ணன் அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஐப்பசி மழையில் அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றது. கக்கூஸ் வாடை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கக்கூஸ் தொட்டி. இரண்டு முறை சிமெண்ட் பூசியும் ஊறியது. அந்த ஈரத்தில் ஜரிகை கறுத்துவிடும்.

போய்க் கேட்டபோது மாணிக்கவேல் மறைக்கவில்லை. "மழைக்கு ஊறுங்க. நான் மொண்டு ஊத்திகினே நெய்தேன். நீங்களும் தறிக்காரரு, பாக்க வந்தவரையும் நீங்கதானே நிறுத்தினீங்க?"

நான் இன்ஜினியருக்கு போன் செய்தேன். "ஏழாம் பக்கத்துலயே இருக்குதே தம்பி. தறிய எடுத்ததும் கூப்பிடுங்க, அதுக்கப்புறம் கிரயம் பண்ணுங்கன்னு எழுதியிருக்கேன்." எழுதியிருந்தது. அந்த வரியை நான் தாண்டியிருந்தேன்.

கமலக்கண்ணன் இப்போது சொந்த வீட்டில் தூங்கி எழுந்து, இன்னொருவர் தறியில் கூலிக்கு நெய்யப் போகிறார். அவருடைய தறி கட்டைகளாகக் கூடத்துச் சுவரில் சாய்ந்திருக்கிறது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தேவகி அக்கா என்னிடம் பேசுவதில்லை. போன வாரம் கரண்ட் ஆபீசிலிருந்து ஏதோ காகிதம் வந்தது. அதே தெருவில் நான் என் பழைய வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்தும், அதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனார். கடைக்காரர் பத்தாவது ஃபெயில். விரல் வைத்து, ஒரு வரி விடாமல், நான் நின்ற இடத்துக்கே கேட்கும்படி படித்துக் காட்டினார்.