எந்த ஊசி?

2008-ஆம் ஆண்டு, ஆனி மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாகர்கோவில் பக்கம் கொட்டாரம் என்கிற ஊரில் குழாய், பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் விற்கும் சின்னக் கடை எனக்கு. வீடு கடைக்குப் பின்னாலேயே. மனைவி கடியப்பட்டணத்துப் பெண். மாமனார் கடலுக்குப் போகிறவர், மாமியார் மீன் வியாபாரம் செய்பவர்.

கல்யாணம் முடிந்து பெண் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். திரும்பிக் கிளம்பும்போது மாமியார் என்னை மட்டும் அடுக்களைப் பக்கம் கூப்பிட்டார். 'மகளைக் கண்கலங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்' என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு.

"மக்கா, எனக்க மவளுக்கு ஊசி ஆவாது. கொச்சுப்பிள்ளையில ஒரு ஊசி போட்டு செத்துப் பொழச்சவ. யாரு சொன்னாலும் போட விட்டிராதிய, கேட்டியளா?"

கதையையும் சொன்னார். ஆறு வயதில் அவளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியுமாம். ஒரு டாக்டரிடம் கொண்டுபோய் ஊசி போட்டிருக்கிறார்கள். போட்ட கொஞ்ச நேரத்திலேயே முகம் வீங்கி, மூச்சு முட்டி, பிள்ளை நினைவில்லாமல் சாய்ந்துவிட்டாள். அந்த டாக்டரே பதறி அடித்துக் காப்பாற்றி, 'இனிமேல் இந்தப் பிள்ளைக்கு ஊசி போடக் கூடாது' என்று சொல்லி அனுப்பினாராம். அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் அதுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி போட வருகிறார்கள் என்று தெரிந்தால் அன்றைக்கு அவளுக்கு லீவு. காலில் துருப்பிடித்த தூண்டில் முள் ஏறியபோதுகூட மஞ்சளும் எண்ணெயும்தான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, என் உயிர் இருக்கிறவரை ஒருத்தனையும் ஊசியோடு அவள் பக்கத்தில் விட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை அப்படியே காப்பாற்றவும் செய்தேன். அந்த வயிற்றெரிச்சலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒரு நாள் காலையில் எழுந்தவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைவாய்ப் பல் சொத்தை. ஒரு பக்கம் முகமே கோணிப்போகிற அளவுக்கு வீக்கம். கடையைப் பூட்டிவிட்டுப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பல் டாக்டர் இல்லை, எல்லாவற்றுக்கும் பார்க்கிற டாக்டர்தான். பேர் பெற்றவர். அன்றைக்கும் வாசல்வரை கூட்டம்.

டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சீழ் பிடித்திருக்கிறது, முதலில் வீக்கம் வற்றட்டும், அப்புறம் பல்லைப் பிடுங்கலாம் என்றார். அவர் பேனாவை எடுப்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். "டாக்டர், இவளுக்கு ஊசி ஆகாது."

அவர் சிரித்தார். ஊசி என்றால் அவ்வளவு பயமா என்று அவளைப் பார்த்துக் கேட்டார். பயமில்லை டாக்டர், ஆகாது என்று நான் அழுத்திச் சொன்னேன். அதற்கென்ன, ஊசியே வேண்டாம், மாத்திரையிலேயே சரியாக்கிவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். எங்கள் வேலை முடிந்தது. எனக்கு ஒரே பெருமை. எவ்வளவு கவனமாகச் சொல்லிவிட்டேன் பார் என்று வழியெல்லாம் அவளிடம் பீற்றிக்கொண்டே வந்தேன்.

மத்தியானம் கஞ்சியைக் குடித்துவிட்டு, ஒரு கேப்ஸ்யூலை விழுங்கினாள். நான் கடைக்கு வந்து ஒரு ஆளுக்குக் குழாய் அறுத்துக் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான். அவள் பின்வாசல் வழியாகக் கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். உள்ளங்கையையும் கழுத்தையும் பறண்டிக்கொண்டு நின்றாள். உதடு தடித்திருந்தது. பல் வீக்கம்தான் இன்னும் ஏறுகிறதோ என்று நினைத்தேன்.

"எனக்கு ஒருமாதிரி வருது. நாக்கு தடிச்சாப்புல இருக்கு," என்றாள். குரல் அவள் குரலாகவே இல்லை. அடுத்த நிமிஷம் வாந்தி. அதற்குள் கையெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பிவிட்டது. மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டது.

வாசலில் நின்ற ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். நாகர்கோவில் போகிற சாலையில் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனையில் நிறுத்தச் சொன்னேன். போகிற வழியிலேயே அவள் தலை என் தோளில் துவண்டுவிட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறாள், பேச்சு இல்லை.

அவசரப் பிரிவில் படுக்க வைத்ததும் ஒரு இளம் டாக்டர் வந்து என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு நர்ஸ், கையில் ஊசியோடு வேகமாக வந்தார்.

நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆமாம், பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். "சிஸ்டர், ஊசி மட்டும் வேண்டாம். இவளுக்கு ஊசி ஆகாது. போட்டா செத்துருவா."

"எந்த ஊசி ஆவாது?" என்று நர்ஸ் கேட்டார்.

எந்த ஊசியுமே ஆகாது என்றேன். சின்ன வயதில் போட்டு இப்படித்தான் ஆனது என்றேன்.

"மருந்துக்குப் பேரு இருக்குல்லா? பேரச் சொல்லும்."

எனக்குப் பேர் தெரியாது. தெரியாது என்று சொல்வதை விட்டுவிட்டுக் கத்தினேன். அவளுக்கு ஏதாவது ஆனால் ஒருத்தரையும் விட மாட்டேன், போலீசுக்குப் போவேன் என்று என்னென்னவோ சொன்னேன். என் மனைவியின் உதடு நீலமாகிக்கொண்டிருக்கிறது, நான் அங்கே நின்று சட்டம் பேசுகிறேன். அந்த நர்ஸ் கையை ஒரே உதறாக உதறினார்.

"இதப் போடலன்னா இப்பம் போயிருவா. மாறும் அங்கோட்டு."

டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். பொத்தான் அறுந்து விழுந்தது. நான் சுவரில் மோதி நின்றபோது நர்ஸ் அவள் தொடையில் ஊசியைப் போட்டு முடித்திருந்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் சில நிமிஷத்தில் அந்த விசில் சத்தம் குறைந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள், டிரிப் ஏற்றினார்கள். அவள் உதட்டில் நிறம் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினாள். நான் தடுத்த ஊசிதான் அவளைப் பிழைக்க வைத்தது.

எல்லாம் அடங்கிய பிறகு அந்த இளம் டாக்டர் என்னை உட்கார வைத்துப் பேசினார். அவள் விழுங்கியது அமாக்சிசிலின் என்கிற ஆன்டிபயாடிக். தொண்டை, காது, பல், நெஞ்சு என்று பாக்டீரியா கிருமியால் வருகிற பல நோய்களுக்கு நல்ல மருந்து. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் அது பென்சிலின் குடும்பத்து மருந்து. பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஊசியாகப் போனாலும் ஒன்றுதான், மாத்திரையாகப் போனாலும் ஒன்றுதான், குழந்தைகளுக்குக் கொடுக்கிற சிரப்பாகப் போனாலும் ஒன்றுதான். ஆறு வயதில் அவளுக்குப் போட்டது பெரும்பாலும் பென்சிலின் ஊசியாகத்தான் இருக்கும் என்றார். அவளுக்கு ஆகாதது மருந்து. ஊசி பாவம், அதைச் சுமந்துவந்த வண்டி. நர்ஸ் போட்டது அட்ரினலின், அது முற்றிலும் வேறு மருந்து.

இதற்கு முன் மாத்திரை சாப்பிட்டு உடம்பு தடித்ததுண்டா என்று அவளிடம் கேட்டார். அவள் யோசித்துச் சொன்னாள். எட்டாம் வகுப்பு படிக்கும்போது காதுவலிக்கு மெடிக்கல் கடையில் ஏதோ கேப்ஸ்யூல் வாங்கித் தின்று, உடம்பெல்லாம் சிவந்து தடித்ததாம். அன்றைக்கு வீட்டில் கணவாய்க் கறி. பழி அந்த மீன்மேல் விழுந்தது. அதற்கப்புறம் கடற்கரையில் இருக்கிற அந்த வீட்டில் கணவாய் வாங்குவதையே நிறுத்திவிட்டார்களாம். டாக்டருக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

சாயங்காலம் மாமியார் வந்து சேர்ந்தார். வியாபாரத்துக்குப் போன கோலத்திலேயே ஓடி வந்திருந்தார். மகளைத் தொட்டுப் பார்த்தார். கையில் டிரிப் ஊசியைப் பார்த்ததும் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நெருப்பு. "ஊசி போட விட்டியளா?" என்று கேட்டார்.

அவளை இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கூட்டத்தைத் தாண்டி நேராக உள்ளே நுழைந்து நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்கதானே ஊசி ஆகாதுன்னு சொன்னீங்க? நான் ஊசி போடலையே."

எனக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷம் படித்த மனிதர்! 'ஊசி ஆகாது' என்று ஒருவன் வந்து சொன்னால், எந்த ஊசி, எப்போது, போட்டதும் என்ன ஆனது என்று மூன்று கேள்வி கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? வெளியே நிற்கிற கூட்டத்துக்குப் பயந்து கேட்கவில்லையா, கேட்கத் தோன்றவே இல்லையா? வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுத்தான் வெளியே வந்தேன். அவர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆனால் கடையில் வந்து உட்கார்ந்ததும் அந்தக் கோபம் என்மேலேயே திரும்பியது. என் கடைக்கு வந்து ஒருத்தர் 'குழாய் குடு' என்று கேட்டால், நான் சும்மா எடுத்துக் கொடுப்பேனா? அரை இஞ்சா முக்கால் இஞ்சா, தண்ணீருக்கா கரண்டு வயருக்கா என்று கேட்டுத் துளைத்துவிடுவேன். போயும் போயும் ஒரு குழாய்க்கு இத்தனை கேள்வி கேட்கிறவன், கட்டிய மனைவியின் உயிர் விஷயத்தில் எட்டு மாதமாக ஒரு கேள்வி கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடியப்பட்டணம் போனோம். டாக்டர் சொன்னதையெல்லாம் நான் விளக்கி முடித்ததும் மாமியார் எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தார். மகளின் ஞானஸ்நானச் சான்றிதழோடு சேர்த்து, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து வந்தார். அன்றைக்கு அந்த டாக்டர் தந்தது, இதைத் தொலைக்கக் கூடாது என்று சொன்னார் என்றார். பதினேழு வருஷம் மடிப்புக் குலையாமல் காப்பாற்றி வைத்திருந்தார்.

முழுக்க ஆங்கிலம். இந்தக் குழந்தைக்குப் பென்சிலின் கடுமையான அலர்ஜி, எந்த வடிவத்திலும் கொடுக்கக் கூடாது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது.

"அதுல என்ன மக்கா எழுதியிருக்கு?" என்று மாமியார் கேட்டார்.

தமிழில் படித்துச் சொன்னேன். இதை ஏன் இத்தனை நாள் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் கேட்டேன்.

"ஊசி போடப் போனால்லா காட்டணும்? நான்தான் ஊசியே போட விடலயே," என்றார்.

அவரை என்ன குறை சொல்வது? எழுதிய டாக்டரும் கெட்டவரில்லை, பிள்ளையைக் காப்பாற்றியவர், எழுதியும் கொடுத்தவர். ஆனால் யாருக்கு எழுதினார்? என் மாமியாருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். சாயங்கால ஜெபப் புத்தகத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் வாசிப்பார். 'பென்சிலின்' என்பது தமிழில் ஐந்தே எழுத்து. அந்த ஐந்து எழுத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால், அவர் எனக்கு ஊசியைச் சொல்லியிருக்க மாட்டார், மருந்தின் பேரைச் சொல்லியிருப்பார். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. நம் உடம்பைப் பற்றிய சேதியை நமக்குப் புரியாத பாஷையில் எழுதி, நம் கையிலேயே கொடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள் என்று சொல்வது என்ன நியாயம்?

அப்புறம் வேறு வகை ஆன்டிபயாடிக் கொடுத்து அந்தப் பல்லைப் பிடுங்கினார்கள். இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். தடுப்பூசி ஒன்று விடாமல் போட்டாயிற்று. எந்த டாக்டரிடம் போனாலும் மருந்தின் பேரைக் கேட்கிறேன், அது பென்சிலின் குடும்பமா என்று கேட்கிறேன், தமிழில் எழுதித் தரச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். நீர் டாக்டரா நான் டாக்டரா என்று ஒருவர் கேட்டேவிட்டார். கேட்கட்டும். அன்றைக்கு அந்த நர்ஸ் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்து ஒரு நிமிஷம் நின்றிருந்தால், மாமியாருக்குக் கொடுத்த வாக்கை அட்சரம் பிசகாமல் காப்பாற்றிய மருமகனாக நான் என் மனைவியைக் கல்லறைக்குக் கொண்டு போயிருப்பேன்.