ஜீப் கிளம்பும் முன்

கம்பத்தில் காசநோய்ப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, ஏலக்காய் எடுக்கக் கேரள மலைக்குப் போகும் ஒரு பெண் என் பொறுப்பில் இருந்தாள். வழக்கமான மருந்துக்கு அடங்காத காசநோய் அவளுக்கு. சளியில் கிருமி இல்லை என்று முடிவு வந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். மாத்திரை மட்டும் இன்னும் பல மாதம் பாக்கி.

மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொள்கிறாள் என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோம். கீழே கம்பத்தில் வாங்குகிறாள் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் ஒன்பது நாள் அவள் மாத்திரையே போடவில்லை. அது தெரிந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேல்தான்.

மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு, வேலையாட்களை ஏற்றும் ஜீப் நிற்கும் இடத்துக்கே மாத்திரையோடு போனேன். ஞாயிறன்று வீட்டுக்கு. உடன் வரும் பெண்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று அவள் பயந்ததால், அவர்களிடம் சத்து மாத்திரை என்று சொல்லி வைத்தோம்.

ஒருநாள் என் ஸ்கூட்டர் பஞ்சர். தள்ளிக்கொண்டே ஓடினேன். ஜீப் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். அது நின்றுகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "எடுக்க விடமாட்டேங்கிறாக" என்று முறைத்தார்.

"சத்து மாத்திரைக்கா இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?" என்றேன், மூச்சு வாங்க.

முன்சீட்டில் இருந்த மூத்த பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மாத்திரை போட வேண்டியவளிடம் நீட்டினாள்.

"சத்து மாத்திரைக்கு எவ தெனமும் விடியுமுன்ன ஓடியாருவா, ஆத்தா? எங்களுக்கு மொத நாளே தெரியும். குடு, நேரமாச்சு."