குழம்புக் கேள்வி

போன மாதம் சுரண்டையில் ஒரு கல்யாணப் பந்தி. இலையில் சோறு விழுந்ததும் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் குழம்பு வாளியோடு குனிந்தார். முகம் பிடிபடவில்லை. சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது. நெஞ்சில் காசு காசாகப் பழுப்புத் தடங்கள். அவற்றை வைத்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டேன். அவருக்கு என்னைத் தெரியவில்லை.

பதினைந்து வருடங்களுக்கு முன், தென்காசியில் ஒரு மருத்துவமனையின் தோல் பிரிவில் நானும் என்னோடு படித்த ஒருத்தியும் வேலை பார்த்தோம். தேர்வுகளில் எப்போதும் நான்தான் முன்னால். காய்கறிக் கடை வைத்திருந்த இந்த அண்ணாச்சி, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய வாரம் வந்து சேர்ந்தார். நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளங்கள். ஊரில் அக்கி என்று சொல்லி, அவற்றின்மேல் செங்காவி எழுதி அனுப்பியிருந்தார்கள். நானும் அக்கி என்றே எழுதி, வைரஸுக்கு மருந்து கொடுத்தேன். அக்கி உடலின் ஒரு பக்கத்தோடு நிற்கும், நடுக்கோட்டைத் தாண்டாது. இவருக்குத் தாண்டியிருந்தது. காவியைத் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் தோலை விட்டுவிட்டுக் காவியைப் படித்தேன்.

நாலாம் நாள் புதுக் கொப்புளங்கள் வந்தன. புரண்டு படுத்தபோது முதுகுத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. இப்படித் தோல் உரிந்துகொண்டே போனால், சீழ் பிடித்து உயிருக்கே ஆபத்து. நான் மருந்தின் அளவைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டிலருகே உட்கார்ந்து, "அண்ணாச்சி, கொழம்பு ஊத்திச் சாப்பிட்டு எத்தன நாளாச்சு?" என்று கேட்டாள்.

"சித்திரைல விட்டது தாயி. வாயெல்லாம் எரியுது, வெறும் மோர்ச்சோறுதான். சூடுன்னு நெனச்சு அருவில குளிச்சுப் பாத்தேன், கேக்கல."

வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே கன்னம் முழுக்கப் புண். பிறகு ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்தாள். கொப்புளம் இல்லாத இடத்திலும் தோல் காவியோடு சேர்ந்து வழுக்கி வந்தது. பெம்பிகஸ். தோலின் செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருக்கும் பசையை, உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அறுக்கும் நோய். பலருக்கு அது வாயில்தான் ஆரம்பிக்கும். தோலுக்கு வர மாதங்கள் ஆகலாம். இதே நோயைப் பற்றி நான் தேர்வில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன்.

விரிப்பை எடுத்துவிட்டு, சுத்திகரித்த வாழையிலைகளைக் கட்டிலில் பரப்பச் சொன்னாள். இலை தோலில் ஒட்டாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு தொடங்கினோம். தோல் துண்டைச் சோதனைக்கு அனுப்பியதிலிருந்து முடிவு வரும்வரை, அது அவள் சொன்னதற்கு மாறாக வர வேண்டும் என்று விரும்பினேன். அப்படி வந்தால் அந்த மருந்து அவரை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவில்லை. முடிவு அவள் சொன்னபடியே வந்தது. நோயின் பெயரைத் திருத்த வேண்டிய இடத்தைக் காட்டி, "நீதான மொதல்ல பாத்த, நீயே எழுதிரு" என்று பேனாவை நீட்டினாள். குத்திக்காட்டியிருந்தால் அவளை வெறுக்க வசதியாக இருந்திருக்கும்.

இப்போது நான் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். கொப்புளத்தோடு யார் வந்தாலும் முதலில் குழம்பைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். 'சாரோட கொழம்புக் கேள்வி' என்று அவர்களுக்குள் பேர். நான் திருத்துவதில்லை.

பந்தியில், அந்த மருத்துவமனையில் நானும் இருந்தேன் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். கரண்டி வாளிக்குள் நின்றது.

"அப்படியா? அந்த டாக்டரம்மா சொகமா இருக்காவளா?"

குற்றாலத்தில் கிளினிக் வைத்திருக்கிறாள், சுகம்தான் என்றேன். அவளோடு பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார். நல்ல காரம். குழம்பு இலையின் நரம்பைத் தாண்டி ஓடியது. அடுத்த வகுப்பில் அவள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி இலையை மடித்தேன்.

அந்த வகுப்பு முடிந்து இரண்டு வாரமாகிறது. சொல்லவில்லை. இதிலும் எழுதவில்லை.