பச்சியப்பன் போட்ட கூச்சல்

மழைக்கு ஒதுங்க ஓடுகிறவனை எந்த ஊரிலும் பார்க்கலாம். மழையைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவனைப் பார்க்க வேண்டுமானால் அந்த நாளில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம்தான் வந்திருக்க வேண்டும். பச்சியப்பன் என்று பெயர். நிலம் இருந்தது, செல்லி என்று நல்ல பெண்டாட்டி இருந்தாள், கைகாலில் ஒரு குறை கிடையாது. ஆனால் சித்திரை மாதத்தில் கடத்தூர்ப் பக்கம் ஒரு கருமேகம் தலைகாட்டினால் போதும், பூட்டின ஏரை அப்படியே விட்டுவிட்டுக் கரட்டுக் குன்றின்மேல் ஏறிவிடுவான். மின்னல் எங்கே இறங்குகிறது, ஆலங்கட்டி எந்த ஊரில் கொட்டுகிறது, எல்லாம் பார்த்தாக வேண்டும். பார்த்து என்ன செய்யப் போகிறான்? ஒரு மண்ணும் இல்லை. தொப்பலாக நனைந்து வந்து, செல்லியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு களி தின்பான்.

மேகத்துக்குத் தும்பிக்கை முளைத்துத் தரையைத் தொடும் என்று சித்தேரி மலைக்காரர்கள் சொல்லக் கேட்டிருந்தான். அதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பைத்தியக்கார ஆசை, வேறென்ன.

யுத்த காலம் அது. அரிசி கண்ணில் படாத வருஷம். அவன் தங்கை சின்னம்மாள் புருஷனைப் பறிகொடுத்தவள். அவளும் பிள்ளைகளும் வருஷம் பூராவும் உயிர் வாழ வேண்டிய ராகி, அடித்துத் தூற்றிக் களத்தில் குவிந்து கிடந்தது. ஆண் துணை இல்லாத வீட்டுக் களத்துக்குக் கூடப்பிறந்தவன்தான் காவல். குவியலைச் சுற்றிச் சாம்பல் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டால், தானியம் வீடு போய்ச் சேரும்வரை அவன் களத்தை விட்டு இறங்கக் கூடாது. பச்சியப்பனும் கோடு போட்டு உட்கார்ந்தான். மழை வந்தால் மூடுவதற்குச் சோளத்தட்டுக் கட்டுகள் பக்கத்திலேயே கிடந்தன. சாக்கு வாங்கி வரச் சின்னம்மாள் ஊருக்குள் போனாள்.

பொழுது சாய மேற்கே மேகம் கட்டியது. மூடத்தான் எழுந்தான், பாவம். முதல் கட்டைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தவன் மேகத்தின் அடியில் ஒரு கறுப்புத் தும்பிக்கை தொங்கிச் சுழல்வதைப் பார்த்தான். கட்டு கையிலிருந்து நழுவியது. பார்த்துவிட்டு இதோ வந்துவிடலாம் என்று ஏரிக்கரையைப் பார்த்து ஓடினான். கரையேறி நின்றபோது அது தரையைத் தொட்டது. புழுதியும் ஓலையும் முள்ளும் சுற்றிக்கொண்டு பனை உயரத்துக்கு எழுந்தன. பச்சியப்பன் இரண்டு கையையும் தூக்கிக் கூவினான், குதித்தான், சிரித்தான். சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு.

தலையில் ஆலங்கட்டி விழுந்த பிறகுதான் களத்தின் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மழைத்தண்ணீர் குவியலை அறுத்துப் பள்ளத்துக்கு இழுத்துப் போயிருந்தது. சின்னம்மாள் முட்டிபோட்டு உட்கார்ந்து, செம்மண் எது ராகி எது என்று தெரியாமல் முறத்தால் அள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, ஏரிக்கரைக்குக் கீழே குடிசை போட்டிருந்த ஆட்டுக்கார ஆண்டி, பிள்ளைகளோடு ஓடிவந்து, களத்தில் கூடிவிட்ட சனத்துக்கு நடுவில் பச்சியப்பன் காலில் விழுந்தான்.

"நீங்க கூவுன சத்தங் கேட்டுத்தாண்ணா புள்ளைங்கள இழுத்துக்கிட்டு வெளிய வந்தேன். வந்ததும் சொவுரு வுழுந்து போச்சு" என்று அழுதான்.

அவ்வளவுதான். மேகம் மேய்க்கிறவன் என்று கேலி பேசின அதே வாய்கள், தானியத்தை விட உசிரு பெரிசு என்று ஓடியிருக்கிறானே என்று மெச்சின. பச்சியப்பன் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தெருவில் நடப்பதே கூசியது. ஆண்டி தூரத்தில் கண்டாலே தலைத்துண்டை அவிழ்ப்பான். இவன் சந்து பார்த்து ஒதுங்குவான். இடி இடித்தால் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். தன் வீட்டு ராகியில் பாதியைத் தங்கை வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினான். அப்படியும் மனசு ஆறவில்லை.

கடைசியில் ஒருநாள் சின்னம்மாளிடம் போய் நின்று, யாரையும் காப்பாற்ற ஓடவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் ஓடினேன் என்று சொல்லிவிட்டான்.

"தெரியுண்ணா" என்றாள் அவள். "சாக்கைத் தூக்கிக்கிட்டு ஏரிக்கரை வழியாத்தான ஓடியாந்தேன். நீ நின்னு சிரிச்சதப் பாத்தேன்."

அப்புறம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டான்.

"ஆண்டி உங்கால்ல வுழுந்தப்ப நீயே சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு நின்னேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. பச்சியப்பன் அவள் வாசலிலேயே நின்றான்.