கேள்விக்கார அக்கா

கழுத்தில் அளவுநாடா தொங்க, உதட்டோரத்தில் ஊசியைக் கவ்வியபடி, பள்ளிச் சீருடை ஒன்றின் தோள்பட்டைத் தையலை, பாதியாக ஒடித்த பிளேடால் பிரித்துக்கொண்டிருக்கிறார் அக்கா. நேற்று அவரே தைத்ததுதான். "பாத்தா தெரியாது. கையைத் தூக்கினா பிடிக்கும்," என்கிறார். கையைத் தூக்குவதைப் பற்றி இந்தக் கடைத்தெருவில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கேள்விக்கார அக்கா என்றுதான் அவருக்குப் பெயர். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் எங்கே கூட்டம் போட்டாலும், மூன்றாவது வரிசை ஓரத்து நாற்காலி இவருடையது. பேச்சு முடிந்ததும் கை உயரும், இவர் எழுந்து நிற்பார். மேடையில் உறுப்பினர் உடனே எழுந்துவிடுவார். கேட்கிறவர் நிற்கும்போது பதில் சொல்கிறவர் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

"சொல்லுங்க அக்கா."

"பஸ் ஸ்டாப்புல வெயில் மண்டையைப் பொளக்குது தம்பி. நிழல் எங்க?"

உண்மையில் உறுப்பினருக்குத்தான் வயது அதிகம். தலை முழுக்க நரை. ஆனாலும் இவருக்கு அவர் தம்பி, அவருக்கு இவர் அக்கா. இரண்டு பேரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. நிறுத்தத்துக்குக் கூரை வந்தது. அடுத்த கூட்டத்தில், "கூரை சரி. உக்கார பெஞ்சு?" பெஞ்சும் வந்தது. "பெஞ்சு சரி. சாய முதுகு?" அன்று உறுப்பினரின் முகம் சிவந்துவிட்டது. "அடுத்து தலகாணி கேப்பீங்களா அக்கா?" என்றார்.

"முதுகு வரட்டும், யோசிச்சுச் சொல்றேன்," என்று இவர் உட்கார்ந்தார். முதுகும் வந்தது.

"உங்க ஓட்டு அவருக்குத்தானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதைச் சொல்லிட்டா அப்புறம் கேள்வி கேக்க முடியுமா?"

உறுப்பினரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. வேறு எந்த அரசியல்வாதியிடமும் அவர் கேள்வி கேட்டும் பார்த்ததில்லை. "அவங்க பதில் சொல்ல மாட்டாங்க. எதுக்கு வாயை வீணாக்கணும்?"

போன மாதம் உறுப்பினர் இறந்துபோனார். அன்று கடை திறந்திருந்தது; தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும் இல்லை.

நினைவுக் கூட்டத்துக்கு முந்தின நாள் கட்சிச் செயலாளர் கடைக்கு வந்தார். "கோவிச்சுக்காதீங்க அக்கா. நாளைக்கு ஒருநாள் மட்டும் கையைத் தூக்கிடாதீங்க. வெளியூர்லேருந்து பெரிய மனுஷங்க எல்லாம் வராங்க."

"தூக்கி யாரைக் கேக்கறது? பதில் சொல்ற ஆளைத்தான் அனுப்பி வெச்சுட்டோமே."

பக்கத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர் தலை நிமிராமலே, "நீங்க போங்க தம்பி. வாயைக் கடையிலேயே வெச்சுப் பூட்டிட்டுக் கூட்டிட்டு வரேன்," என்றார்.

"உங்க வாயைப் பூட்டி எத்தனை வருஷமாச்சு. அந்தச் சாவி எங்கன்னு தெரியுமா மொதல்ல?" என்றார் அக்கா.

கூட்டத்தில் அதே மூன்றாவது வரிசை. நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன். மேடை நடுவில் உறுப்பினரின் ஆளுயரப் படம். நின்ற கோலம், லேசாக முன்னால் சாய்ந்து எதையோ காதுகொடுத்துக் கேட்பதுபோல. ஒருவர் அவரைக் கோபமே அறியாதவர் என்றார். "பொய்," என்று அக்கா கணவரின் காதில் சொன்னார். "முதுகு கேட்டன்னிக்கு மூஞ்சி தக்காளி மாதிரி ஆச்சே." அடுத்தவர் மலை என்றார், அதற்கடுத்தவர் கடல் என்றார். புகழ் ஏற ஏற ஆள் கரைந்துகொண்டே போனார். அக்காவின் வலது கை மடியிலிருந்து மேலே எழத் துடித்தது. கணவர் அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

கடைசியில் உறுப்பினரின் மனைவி பேசினார்.

"ரெண்டு வருஷமா அவருக்கு முட்டி தேஞ்சுபோச்சு. நிக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். உக்காந்தே பேசுங்களேன்னு கெஞ்சுவேன். 'பேச்சை உக்காந்து பேசிடலாம். அக்கா எந்திரிச்சா என்ன பண்றது?'ன்னு கேப்பார். வீட்டுக்கு வந்ததும் வெந்நீர் ஒத்தடம். அதுக்கு நடுவுல, 'இன்னிக்கு அக்கா என்ன கேட்டாங்க தெரியுமா'ன்னு சிரிப்பு வேற."

அரங்கமே சிரித்தது. மலையும் கடலும் போய், முட்டி வலிக்கிற மனிதர் ஒருவர் திரும்பி வந்திருந்தார். எல்லாத் தலைகளும் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பின. அக்கா சிரிக்கவில்லை. உறுப்பினரின் கடைசிக் கூட்டத்தில் அக்கா அடுத்தடுத்து மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு உறுப்பினர் மூன்றுக்கும் பதில் சொன்னது எனக்கே நினைவிருக்கிறது. அக்காவின் கை இப்போது துடிக்கவில்லை. கணவர் தன் கையை எடுத்துக்கொண்டார்.

பூப்போட வரிசை நகர்ந்தது. அக்காவின் முறை வந்தது. தட்டிலிருந்த பூவை அவர் எடுக்கவில்லை. படத்துக்கு நேர் எதிரே போய் நின்றார். மெல்ல வலது கை உயர்ந்தது. செயலாளர் பதறி ஓர் அடி முன்னால் வந்தார். உயர்ந்த கை, உள்ளங்கை தரையைப் பார்க்கத் திரும்பி, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வதுபோல, இரண்டு முறை மெதுவாகத் தாழ்ந்தது.