அம்பத்தூர் ஓ.டி. வரை

தலைவர் இறந்த அன்று எங்கே இருந்தாய் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நாட்டையே புரட்டிப்போட்ட நாள் என்று முடிப்பார்கள். போட்டிருக்கும், நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் புரண்டது வேறு.

எனக்கு அப்போது ஏழு வயது. திருமுல்லைவாயிலில் வாடகை வீடு. அன்று காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனிக்கு அம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். தையல் வேலை, மாதச் சம்பளம். அதற்காக இரண்டு மாதம் பக்கத்து வீட்டு அத்தையின் மிஷினில் காலர் தைத்துப் பழகியிருந்தாள். அத்தையையும் அன்றைக்குத்தான் கூப்பிட்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ரேடியோவில் சோக இசை. பஸ் இல்லை, ரயில் இல்லை. இரவு ஷிப்டுக்குப் போன அப்பாவும் வந்து சேரவில்லை.

"ஊரே மூடிக்கீது, கம்பெனி மட்டும் தொறந்திருக்குமாக்கா?" என்றாள் அத்தை.

"மூடியே இருக்கட்டும். வந்துட்டுப் போனோம்னு அவங்களுக்குத் தெரியணும். நடந்தே போய்டலாம் வா" என்றாள் அம்மா.

என்னை விட்டுவிட்டுப் போக ஆளில்லை. கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ரோட்டில் ஈ காக்கை இல்லை. லாரிகள் பறக்கும் சாலையின் நட்டநடுவில் நான் ராஜா மாதிரி நடந்தேன். அந்தக் குஷியெல்லாம் அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையம் வரைக்கும்தான். அங்கே செருப்பு வார் அறுந்தது. வெறுங்காலில் ஜல்லி குத்தியது. ரோட்டிலேயே உட்கார்ந்து அழிச்சாட்டியம் பண்ணினேன். அம்மா கெஞ்சினாள், முதுகில் ஒன்று வைத்தாள், மறுபடி கெஞ்சினாள். எஸ்டேட்டுக்கு இன்னும் அரை மணி நேர நடை பாக்கி.

"நீ போ. நான் இவன இட்டுகினு ஊட்டுக்குப் போறேன்" என்று கடைசியில் அத்தையை அனுப்பிவிட்டாள்.

கம்பெனி மூடித்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாளே என்று வாட்ச்மேன் அத்தையின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்தார். அடுத்த வாரம் அந்தத் தாளைப் பார்த்தே ஆள் எடுத்தார்கள். அம்மா போனபோது இடம் இல்லை என்றார்கள். அத்தை அங்கேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டாள். அம்மா வீட்டிலிருந்தபடி ஊரார் ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தாள். இன்றைக்கும் வைக்கிறாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவாள்.

டிவியில் தலைவரின் நினைவு நாள் காட்டினால், "அன்னிக்கு இவனுக்குக் கால் வலி" என்பாள், கோபமே இல்லாமல். கோபித்துக்கொண்டால் எனக்குத் தேவலையாக இருக்கும்.

அன்று திரும்பும் வழியெல்லாம் என்னை இடுப்பில் சுமந்தே வந்தாள். வலி பாதி வழியிலேயே போய்விட்டது. சொன்னால் இறக்கிவிடுவாளே என்று சொல்லவில்லை. தெருமுனைகளில் படத்துக்கு மாலை போட்டுப் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். அம்மாவும் அழுதுகொண்டேதான் நடந்தாள். தலைவருக்காக அழுகிறாள் என்று நினைத்து, அவள் தோளில் சாய்ந்து நானும் கொஞ்சம் அழுதேன்.